அடைக்கு வச்சது பன்னெண்டு முட்டை, பொரிச்சது மூணு தான், என்ன காரணமா இருக்கும்?

மானாமதுரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்ககிட்ட ஒரு சிறுவிடை கோழி (சின்ன உருவத்து நாட்டுக்கோழி) இருக்கு, நல்ல தாய்க்கோழி, அடை படுத்துச்சுன்னா கிட்டயே போக முடியாது றெக்கைய சிலுப்பிக்கிட்டு கொத்த வந்துரும். சித்திரை கடைசியில அடைக்கு வச்சோம், பன்னெண்டு முட்டை. இருபத்தொன்னாம் நாள் மூணு குஞ்சு இறங்குச்சு, மறுநாளே குஞ்சுகள கூட்டிக்கிட்டு கோழி கீழ இறங்கிருச்சு, அதுக்கப்புறம் கூடை பக்கமே வரல. இப்ப கூடையில எண்ணிப் பாத்தா பதினொன்னு கெடக்கு. அம்மா எல்லாம் கூமுட்டை தூக்கி வீசுங்கிறாங்க.

முட்டையெல்லாம் எங்க கோழிகளோடது தான், சேவலும் இருக்கு. அடுப்படி செல்ஃப்ல ஒரு கிண்ணத்துல சேத்து வச்சிருந்தோம், சேர ரெண்டு வாரம் ஆகியிருக்கும். மூங்கில் கூடையில வைக்கோல் போட்டு, வழக்கம்போல கரித்துண்டு, இரும்பு, வரமிளகா எல்லாம் போட்டு தான் வச்சோம். கூடைய கோழிக்கூட்டுக்குள்ளயே ஒரு மூலையில வச்சிருந்தோம். எதனால பொரிக்காம போச்சு? பேசாம இன்குபேட்டர் வாங்கிரலாமா?

காங்கேயம் தோட்டம்:

தூக்கி வீசாதீங்க. அந்த முட்டைக தான் உங்களுக்கு பதில் சொல்லும்ங்க. கூமுட்டைன்னு ஒரே பேர்ல நாம சொல்லிடறோம், ஆனா உள்ள நாலஞ்சு விதமா இருக்கும், ஒவ்வொன்னுக்கும் காரணம் வேற. வெளிய எடுத்துட்டு போயி, ஒரு குழி தோண்டி, மூக்குல துணி கட்டிக்கிட்டு ஒவ்வொன்னா உடைச்சு பாருங்க, சிலது டப்புனு வெடிக்கும் ஜாக்கிரதை.

வெறும் மஞ்சக்கருவும் தண்ணியுமா இருந்தா கருவே உருவாகல, சேவல் பிரச்சனை. எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் வேணும், கிழட்டு சேவலா இருந்தாலும் ஆகாது. மஞ்சக்கரு மேல ரத்தம் வளையம் மாதிரி நின்னுருந்தா மொத ஒரு வாரத்துக்குள்ளயே கரு செத்துருக்கு, இது பெரும்பாலும் வைக்கறதுக்கு முன்னாடியே முட்டை கெட்டதால வர்றது. முழுக்குஞ்சா றெக்கை முளைச்சு, மூக்கு ஓட்டுகிட்ட வந்து செத்திருந்தா அது கடைசி மூணு நாள் கதை, ஈரம் பத்தல இல்லன்னா கோழி எந்திரிச்சு போயிருச்சு. பாத்துட்டு இங்க போடுங்க, பேசலாம்.

இன்னொன்னுங்க, பன்னெண்டுல மூணு போனா மிச்சம் ஒம்பது தானுங்க இருக்கணும். பதினொன்னு எப்படி வந்துச்சு? மத்த கோழிக அதே கூடையில ஏறி முட்டை இட்டுருக்கு. அப்படி நடுவுல வந்த முட்டைக்கு இருபத்தொரு நாள் கணக்கு பிந்தித் தான் ஆரம்பிக்கும். அது பாதி வளந்திருக்கறப்பவே தாய் குஞ்சோட எறங்கிரும். அது மட்டுமில்ல, புதுக்கோழி ஏறி மிதிக்கறப்ப அடைக்கோழி எந்திரிச்சு பக்கத்து கூடைல போயி உக்காந்துக்கும், இந்தப் பக்கம் முட்டையெல்லாம் சில்லுனு ஆயிரும். அடைக்கு வெச்ச அன்னிக்கே எல்லா முட்டையிலயும் பென்சில்ல ஒரு கோடு போட்டு வெச்சுருங்க, கோடு இல்லாத முட்டைய அன்னன்னிக்கே எடுத்துரலாம். அடைக்கோழிக்கு தனி இடம் கண்டிப்பா வேணும்ங்க.

புதுசா_கோழி:

நடுவுல ஒரு டவுட் கேட்டுக்கிறேன் சார், எங்க வீட்டு கோழி அடை படுத்திருக்கு ஆனா சேவல் இல்ல. கடையில பிரவுன் கலர்ல நாட்டுக்கோழி முட்டைன்னு விக்கிறாங்களே அத வச்சா பொரிக்குமா?

காங்கேயம் தோட்டம்:

பண்ணைல இருந்து வர்ற முட்டைன்னா பொரிக்காதுங்க. வெள்ளையோ பிரவுனோ, முட்டைக்குன்னு வளக்கற பண்ணைல சேவலே விடமாட்டாங்க. பக்கத்துல சேவலோட வளக்கற வீட்டுல கேட்டு வாங்குங்க, வாங்குன முட்டைய ஒரு நாள் அசையாம வெச்சுட்டு அப்பறம் அடைக்கு வைங்க.

மானாமதுரைக்காரன்:

உடைச்சு பாத்துட்டேன் அண்ணே. கோழி நடுவுல இட்டதுன்னு நீங்க சொன்னது சரி தான், ரெண்டு முட்டைல குஞ்சு பாதி வளந்து நின்னுருக்கு. ரெண்டு வெறும் தண்ணி. நாலுல அந்த ரத்த வளையம் இருக்கு. மூணு முழுக்குஞ்சு, அதுல ஒன்னு ஓட்டுல ஓட்டை போட்டு மூக்கு வெளிய தெரியுது, அந்த உள்தோல் காஞ்சு தாள் மாதிரி குஞ்சு மேல ஒட்டிருக்கு, பாக்கவே கஷ்டமா போச்சு.

லால்குடி அத்தை:

தம்பி, இன்குபேட்டருக்கு காச போடாத, உன் கோழி மேல ஒரு குத்தமும் இல்ல.

அந்த நாலு வளையம் அடுப்படி செல்ஃப்ல வச்சதால வந்தது. சித்திரை வெயில்ல வீட்டுக்குள்ளயே என்ன சூடு இருக்கும், அதுல அடுப்பு வேற. 25 டிகிரிய தாண்டுனாலே உள்ள கரு மெதுவா வளர ஆரம்பிச்சிரும், ஆனா முழுசா வளர்ற அளவுக்கு சூடும் கிடையாது, அப்படியே அரையும் குறையுமா நின்னு செத்துப் போகும். ரெண்டு வாரத்து முட்டையும் ஆகாது, ஏழு நாளுக்குள்ள இட்டது தான் அடைக்கு. நாங்க வீட்டுல இருட்டான மூலையில ஒரு தட்டுல ஈரமணல் கொட்டி அது மேல மண்சட்டிய வச்சு, சட்டிக்குள்ள முட்டைய கூர்முனை கீழ இருக்கிற மாதிரி நிறுத்தி, மேல பருத்தித்துணி போட்டு மூடிருவோம். முட்டைய மட்டும் கழுவிராத, அழுக்கா இருந்தா துடைக்கவும் வேண்டாம், அத சமையலுக்கு எடுத்துக்க.

அந்த காஞ்சு போன தோலு, அது ஈரம் பத்தாம வந்தது. கோடையில வைக்கோல் மட்டும் போட்டா பத்தாது, அடியில நாலு விரக்கடை மணல் போட்டு அத நனைச்சுட்டு மேல கொஞ்சமா வைக்கோல் போடு. கடைசி மூணு நாள் கூடைய சுத்தி தண்ணி தெளிச்சு விடு, முட்டை மேல ஊத்தாத. அந்த மூணு நாள்ல முட்டைய தூக்கி காதுல வச்சு பாக்கறது, வெதுவெதுப்பான தண்ணில போட்டு ஆடுதான்னு பாக்கறது எதுவுமே வேணாம், ஓட்டை போட்ட முட்டைன்னா தண்ணி உள்ள போயி குஞ்சு மூச்சு முட்டி செத்துரும். கொத்திக்கிட்டு வர்றதுக்கு ஒரு நாள் கூட எடுத்துக்கும், பாவமேன்னு ஓட்ட பிச்சு விட்டா ரத்தம் வந்துரும்.

கரி, இரும்பு, மிளகா போடறது நம்ம பெரியவங்க வழக்கம், இடி இடிச்சா முட்டை கெட்டுரும்னு போடுவாங்க. நானும் போடறேன், அதுல கெடுதல் ஒன்னுமில்ல, ஆனா அத போட்டுட்டோம்னு மத்தத விட்டுரக் கூடாது.

இன்னும் ஒன்னு நீ எழுதல, கோழிக்கு செல்லு, அதான் ரத்தம் குடிக்கிற பொடிப்பூச்சி, இருந்துச்சா? ராத்திரி கூடைக்குள்ள கைய விட்டு பாரு, கையில பொடிப்பொடியா ஊறுச்சுன்னா அது தான். பகல்ல மூங்கில் இடுக்குல ஒளிஞ்சுக்கும், ராத்திரி பூரா ரத்தத்த உறிஞ்சும், எப்பேர்ப்பட்ட தாய்க்கோழியும் தாங்க முடியாம எந்திரிச்சு ஓடும். பழைய கூடையா இருந்தா வைக்கறதுக்கு முன்னாடி நெருப்புல லேசா வாட்டி எடு, அடியில சாம்பலும் வசம்புத்தூளும் தூவு, வேப்பிலை நொச்சி இலை போடு. கோழியும் தினம் ஒரு தடவை இறங்கி கம்பு சோளம் தின்னுட்டு தண்ணி குடிச்சு மண்ணுல பொரண்டுட்டு போகணும், கால் மணி அரை மணி ஆனா பரவால்ல. இறங்காம கெடக்கற கோழியா இருந்தா நீயே தூக்கி வெளிய விடு, இல்லன்னா கூடையிலயே எச்சம் போட்டு முட்டையெல்லாம் நாறிரும்.

மானாமதுரைக்காரன்:

ஆமா அத்தை, செல்லு இருந்துச்சு, கோழி கழுத்த கழுத்த சொறிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நன்றி. இன்னொரு கோழி இப்ப முட்டையிட்டுக்கிட்டு இருக்கு, அடை படுத்தா உடனே வைக்கலாமா இல்ல வெயில் தணியட்டுமா? எத்தன முட்டை வைக்கலாம்?

காங்கேயம் தோட்டம்:

ஆடி மழைக்காத்து வந்தப்பறம் வைங்க, அதுக்குள்ள படுத்துச்சுன்னா ஈரமணல் போட்டு வைக்கலாம். சிறுவிடைக்கு ஒம்பது பத்து போதும், வெளிய தெரியற முட்டை சூடு பத்தாம போயிரும். ராத்திரி இருட்டுன அப்பறம் முட்டைய அடியில வைங்க, கோழி கலையாம ஏத்துக்கும். ஏழெட்டு நாள் கழிச்சு இருட்டுல போன் டார்ச்ச முட்டையோட மொட்டைப் பக்கம் வெச்சு பாருங்க, சிலந்தி மாதிரி செவப்பு நரம்பு ஓடுச்சுன்னா கரு இருக்குது. ஒன்னுமே இல்லாம வெளுப்பா தெரிஞ்சா எடுத்துருங்க.

இப்ப இருக்கற மூணு குஞ்சையும் பஞ்சாரத்துல போட்டு மூடுங்க, காக்கா பருந்து தூக்கிரும். கம்பு நொய், தண்ணி ஆழமில்லாத தட்டுல. ஏழு நாளுக்குள்ள கால்நடை ஆஸ்பத்திரில கேட்டு வெள்ளக்கழிச்சலுக்கு சொட்டு மருந்து கண்ணுல ஒரு சொட்டு விட்டுருங்க, பொரிக்க வெச்ச பாடெல்லாம் அந்த கழிச்சல் ஒரே வாரத்துல கொண்டு போயிரும்ங்க.