கலைச்சொல் தேவை: நிற்கும் காரின் கதவு சைக்கிளில் போகிறவரை அடிப்பதற்கு

திருச்சி ஆசிரியை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

16 பக்கக் கையேடு ஒன்றை வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கும் பிள்ளைகளுக்கான சாலைப் பாதுகாப்புக் கையேடு. பிரேக், மணி, பின்பக்கச் சிவப்பு வில்லை எல்லாம் எழுதியாயிற்று. 7ஆம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறேன். சாலையோரம் நிற்கும் காரில் இருப்பவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறக்கிறார், சைக்கிளில் வருகிறவரை அது அடிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'டோரிங்' என்று ஒற்றைச் சொல். அப்படியே எழுதிக் கொடுத்தேன். தட்டச்சு செய்த தம்பி அதை 'டூரிங்' என்று திருத்திவிட்டு, "சைக்கிள் சுற்றுலாவா மிஸ்?" என்று கேட்டான்.

போன ஆடியில் என் வகுப்புப் பெண்ணுக்கே இது நடந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில். முன்சக்கரம் வளைந்து போயிற்று. கேரியரில் செருகியிருந்த டப்பா திறந்து புளிசாதம் ரோட்டில். மணிக்கட்டில் மாவுக்கட்டு. மறுநாள் இரண்டு வரிச் செய்தி வந்தது: 'நின்றிருந்த காரின் கதவில் மோதி மாணவி காயம்.' மோதியது அவளாம்! கதவைத் திறந்தவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை.

ஆகவே யார் யாரை அடித்தார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். நாளை இரவுக்குள் சொன்னால் புண்ணியம்.

கும்பகோணம் புலவர் எழுதியது:

அம்மா, கதவடி என்று வையுங்கள். கல்லால் படுவது கல்லடி, கண்ணால் படுவது கண்ணடி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று ஊரே சொல்கிறது. கதவால் படுவது கதவடி. மூன்றாம் வேற்றுமைத் தொகை, கருவிப் பொருள். வேலை முடிந்தது.

புணர்ச்சியிலும் ஐயம் வேண்டாம். கதவு என்பதன் ஈறு முற்றியலுகரம், உடம்படுமெய் வந்து 'கதவுவடி' ஆகாதோ என்று யாராவது கிளம்புவீர்கள். நன்னூலார் 164ஆம் நூற்பாவில் 'முற்றுமற் றொரோவழி' என்று வழிவிட்டிருக்கிறார். அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே கதவுதான்: கதவு + அழகிது = கதவழகிது. உங்கள் கையேட்டை நினைத்தே எழுதினார்களோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று. சிலம்பில் பாண்டியன், கீரந்தை என்பவன் வீட்டுப் 'புதவக் கதவம் புடைத்தனன்' என்று வரும். புடைத்தல் அடித்தல். 'கதவப்புடை' என்றும் வைக்கலாம். புடைத்த கையை அவன் வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் ஆனான். காரோட்டிகள் கவனிக்க.

சென்னை சைக்கிள்காரர் எழுதியது:

> கதவப்புடை என்றும் வைக்கலாம்

புலவர் ஐயா, பாண்டியன் கதவை அடித்தான். இங்கே கதவு ஆளை அடிக்கிறது. டீச்சர் கேட்டதற்கு நேர் எதிர்!

கதவடியிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மரத்தடி என்றால் மரத்தால் பட்ட அடியா? 'பையைக் கதவடியில் வை' என்றுதான் காதில் விழும். தவிர, கதவடைப்பு என்ற சொல்லை ஆலை முதலாளிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

என் ஓட்டு கதவிடி. தெருவில் வண்டி என்ன செய்கிறது? இடிக்கிறது. 'இடிபட்டாள்' என்று வினையும் கையோடு கிடைக்கிறது.

நானும் பட்டவன்தான். 15 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 4 மீட்டர் போகிறோம். மணியில் விரல் போகும் முன்பே கதவு வந்துவிடும். அன்றிலிருந்து நிற்கும் கார்களைக் கடக்கும்போது இரண்டைத்தான் பார்க்கிறேன். பின் கண்ணாடி வழியாக உள்ளே தலை அசைகிறதா? பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா? இதைக் கையேட்டில் சேருங்கள், சொல் எதுவானாலும்.

சேலம் அன்பர் எழுதியது:

ஆசிரியையின் மடலில் சைக்கிள், கார், பிரேக், கேரியர், ரோடு. இத்தனையையும் விட்டுவிட்டுக் கதவு ஒன்றுக்குத் தமிழ் தேடுகிறோம். வீடு எரியும்போது திண்ணைக்கு வெள்ளையடிக்கிற கதை. முதலில் ஈருருளி என்று எழுதப் பழகுவோம்.

என் முன்மொழிவு புதவெறி. புதவு கதவு, எறிதல் அடித்தல். இரண்டும் பழந்தமிழ், இரண்டும் சுருக்கம். கதவின் வேரையும் பார்த்துவிடுவோம். கதுவுதல் என்றால் பற்றுதல். நிலையைக் கதுவிக்கொள்வது கதவு. வடமொழிக் கபாடமும் இதிலிருந்து போனதே என்பது என் துணிபு. கபாடபுரத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சென்னை சைக்கிள்காரர் எழுதியது:

> தனியாக எழுதுகிறேன்

வியாழனுக்கு அப்புறம் எழுதுங்கள் ஐயா.

இலண்டனிலிருந்து யாழ்ப்பாண அன்பர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் எங்களுக்குக் கடுதாசியில் துவிச்சக்கரவண்டி, வாயில் சைக்கிள். இரண்டும் சண்டை பிடிக்காமல் ஒரே வீட்டில் இருந்தவை. சேலம் அண்ணை கோபிக்க வேண்டாம்.

இங்கே 2022 ஜனவரியில் நெடுஞ்சாலை விதித்தொகுப்பைத் திருத்தினார்கள். 239ஆம் விதி, கதவுக்குத் தூரமாக உள்ள கையால் திற என்கிறது. அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தோளுக்கு மேலால் பின்பக்கம் போகும். 67ஆம் விதி சைக்கிள்காரருக்கு: நிற்கும் வண்டியைக் கடக்கும்போது ஒரு கதவின் அகலமோ ஒரு மீட்டரோ இடைவெளி விடு.

அந்தக் கைப்பழக்கத்துக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் வைத்த பெயர் 'டச்சு ரீச்'. டீச்சர், இதற்கும் சொல் வேண்டுமே? டச்சுக்காரரை நாங்கள் ஒல்லாந்தர் என்போம். ஒல்லாந்தக் கை?

கும்பகோணம் புலவர் எழுதியது:

1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்து அவர்கள் நமக்கு விட்டுப்போனது துட்டு, கக்கூஸ் என்ற சொற்கள். கதவு திறக்கும் பழக்கத்தை விட்டுப்போயிருக்கலாம்.

ஒல்லாந்தக் கை வேண்டாம், மறுகை போதும். நம் ஊரில் ஓட்டுநருக்கு அது இடக்கை. பின்னிருக்கையில் இடப்பக்கம் இருப்பவருக்கு வலக்கை. சோத்துக்கை, பீச்சாங்கை என்று தனித்தனியே எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். மறுகை என்றால் இருவருக்கும் பொருந்தும். சங்க நூல்களில் மறுகு என்றால் தெரு. மறுகுதல் என்றால் கலங்குதல். மறுகில் ஒருவர் மறுகாதிருக்க மறுகையால் திற!

சென்னை சைக்கிள்காரர் எழுதியது:

மறுகைக்கு என் ஓட்டு. அந்தக் கடைசி வரியை மட்டும் கையேட்டில் போட்டுவிடாதீர்கள் டீச்சர்.

கதவு திறந்தால் எட்டும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், அதில்தான் போகக்கூடாது என்று சொல்லப்போகிறோம். கதவு வீச்சு? வாள்வீச்சு மாதிரி.

சேலம் அன்பர் எழுதியது:

வீச்சு நல்ல தமிழ். ஏற்கிறேன்.

இலண்டனிலிருந்து யாழ்ப்பாண அன்பர் எழுதியது:

எனக்கும் சரி. வீச்சு ரொட்டி ஞாபகம் வந்தாலும் பிழையில்லை, அதுவும் கையைச் சுழற்றி வீசுவதுதானே.

திருச்சி ஆசிரியை எழுதியது:

கேட்காத இரண்டு சொற்கள் அரை நாளில் கிடைத்துவிட்டன. கேட்டது இன்னும் வரவில்லை.

இன்று வகுப்பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். கதவிடி என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து "மிஸ், கத விடுறீங்களா?" அதோடு அந்தச் சொல் போயிற்று, பத்து நிமிடம் சிரிப்பு. புதவெறியை ஒருவன் 'புது வெறி' என்று படித்தான். கதவடிக்குச் சிரிக்கவில்லை, ஆனால் "கதவுக்குக் கீழேயா மிஸ்?" என்று ஒரு குரல். சென்னைத் தம்பி சொன்னதேதான்.

அடிபட்ட பெண்ணைக் கேட்டேன். "டோர் அடிச்சிருச்சு மிஸ்" என்றாள். பள்ளிக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனும் "டோர் அடி வாங்குன வண்டி நெறைய வருது" என்றார். கடைப் பலகையில் 'ஓவராயில் செய்யப்படும்' என்று எழுதியிருக்கிறது. வண்டியை முழுக்கப் பிரித்து மாட்டுவதற்கான ஆங்கிலச் சொல்தான் இப்படி எண்ணெயில் விழுந்து எழுந்திருக்கிறது.

கும்பகோணம் புலவர் எழுதியது:

ஓவராயில்! எண்ணெய் போடாமல் எந்தச் சைக்கிள் வேலை முடியும்? நல்ல ஆக்கம். குரங்குப் பெடலையும் நினையுங்கள். இருக்கைக்குக் கால் எட்டாத பையன் பாருக்குள் காலை விட்டு மிதிப்பதற்கு எந்தக் குழு கூடிச் சொல் செய்தது? ஒரு பாதி குரங்கு, ஒரு பாதி பெடல். சேலத்தார் மன்னிக்க வேண்டும், அதை 'மந்திமிதி' என்று மாற்றினால் ஓட்டுகிற பையனே விழுந்துவிடுவான்.

சேலம் அன்பர் எழுதியது:

மந்திமிதி அழகாகத்தான் இருக்கிறது.

நகைச்சுவை இருக்கட்டும். கதவடி, கதவிடி, டோர் அடி எதுவானாலும் ஆசிரியை முதலில் கேட்டது கிடைக்கவில்லையே. கதவு தானாகவா அடித்தது? அன்றைய செய்தியில் மாணவி மோதினாள். உங்கள் சொல்லில் கதவு அடிக்கிறது. திறந்தவர் இரண்டிலும் தப்பிவிட்டார்.

இலண்டனிலிருந்து யாழ்ப்பாண அன்பர் எழுதியது:

அண்ணை சொல்வது நியாயம். இங்கே 1986ஆம் ஆண்டு வாகன ஒழுங்குவிதிகளில் 105ஆவது இதைத்தான் பிடிக்கிறது. யாருக்கும் காயமோ ஆபத்தோ வரும்படி சாலையில் வண்டிக் கதவைத் திறக்கக்கூடாது, திறக்கச் செய்யக்கூடாது, திறக்க விடவும் கூடாது. தன்வினையும் பிறவினையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் பிள்ளை திறந்தது என்று தகப்பன் தப்ப முடியாது. 'திறந்தடி' என்றால் ஆள் உள்ளே வருவாரா?

சென்னை சைக்கிள்காரர் எழுதியது:

தோழியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. 'கதவைத் திறந்தடி!' வேண்டாம்.

ஒரு சொல்லுக்குள் காரையும் கதவையும் குற்றவாளியையும் ஏற்ற முடியாது, டபுள்ஸே அதிகம். கதவடி என்று தலைப்புப் போடுங்கள், திறந்தவரை அடுத்த வாக்கியத்தில் எழுவாயாக உட்கார வையுங்கள். கதவிடியை நான் திரும்பப் பெறுகிறேன், கடைசி பெஞ்சுக்குப் பயந்து.

திருச்சி ஆசிரியை எழுதியது:

நேற்று இரவு 11 மணிக்கு அனுப்பிவிட்டேன். 7ஆம் பக்கம் இப்படிப் போகிறது:

'கதவடி: நிற்கும் காரில் இருப்பவர் பின்னால் வருகிறவரைப் பார்க்காமல் கதவைத் திறந்து அடித்துவிடுவது. பிழை திறந்தவருடையது. ஆனாலும் நீங்கள் கதவு வீச்சுக்குள் போகாதீர்கள், ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள். காரில் போகும்போது மறுகையால் கதவைத் திறங்கள்.'

கீழே ஒரு படம். அடி என்பது அந்தப் பெண்ணின் வாயிலேயே இருந்ததால் அதை எடுத்துக்கொண்டேன். கதவுக்குக் கீழே என்று படிப்பவர்கள் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் நன்றி.

சேலம் அன்பர் எழுதியது:

கதவடிக்கு என் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அட்டையில் மிதிவண்டி, உள்ளே சைக்கிள் என்று இருப்பதையும் பார்த்தேன். கேரியருக்கு 'சுமைதாங்கி' என்று அடுத்த பதிப்பில் போடலாமே?

கும்பகோணம் புலவர் எழுதியது:

சுமைதாங்கி சாலையோரக் கல் ஐயா. அதில் மோதினால் அதற்கு வேறொரு சொல் வேண்டும்.