சபாநாயகராக இருந்தவர் ஏன் சுங்க வேலைக்குப் போனார்?

ஏட்டுப்பூச்சி:
அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தென் கரோலினாவில் ராபர்ட் பிரவுன் எலியட் என்று ஒரு கறுப்பின வழக்கறிஞர். 1868-ல் மாநிலச் சட்டமன்றம், 1871-ல் வாஷிங்டனில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர், 1874-ல் அதையும் ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பி மாநிலச் சபாநாயகர். அப்படிப்பட்டவர் 1879-ல் சார்ல்ஸ்டனில் சுங்க ஆய்வாளர்! ஏதாவது ஊழலில் மாட்டினாரா, இல்லை வக்கீல் தொழில் கசந்துவிட்டதா?

கரைக்காற்று:
தொழில் கசக்கவில்லை, வழக்குக் கொடுக்க ஆள் வரவில்லை. 1876 தேர்தலில் அட்டர்னி ஜெனரலாக ஜெயித்தார், ஆனால் 1877 ஏப்ரலில் ஜனாதிபதி ஹேய்ஸ் போருக்குப் பின் தெற்கில் நிறுத்தியிருந்த மத்தியப் படையைத் திரும்பப் பெற்றதும் வேட் ஹாம்ப்டன் தலைமையில் ஜனநாயகக் கட்சி மாநில அரசைப் பிடித்துக்கொண்டது, எலியட் உட்பட குடியரசுக் கட்சியினர் எல்லோரையும் பதவியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அப்புறம் மாநில அரசில் அவருக்கு என்ன வேலை கிடைக்கும்? சுங்கம், தபால் நிலையம் இரண்டும் மத்திய அரசின் கையில், அங்கே அப்போதும் குடியரசுக் கட்சிதான். ஹாம்ப்டனால் அந்த நியமனங்களில் கைவைக்க முடியாது. இதே மாநிலத்தின் இன்னொரு கறுப்பினத் தலைவர் ராபர்ட் ஸ்மால்ஸும் காங்கிரஸில் இருந்துவிட்டு, பிற்பாடு பியூஃபோர்ட் துறைமுகத்தில் சுங்க கலெக்டராக இருந்தவர்தான்.

நடுப்பக்கம்:
சரிதான், ஆனால் அது ஒன்றும் சும்மா கிடைத்த அடைக்கலம் இல்லை. அப்போது சுங்கம் கருவூலத் துறையின் கீழ் இருந்தது, அதன் செயலாளர் ஜான் ஷெர்மனுக்கு ஜனாதிபதி ஆகும் ஆசை. 1880-ல் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ மாநாட்டில் ஷெர்மன் பெயரை வழிமொழிந்தவர்களில் எலியட்டும் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், ஷெர்மனை முன்மொழிந்த கார்ஃபீல்டே கடைசியில் வேட்பாளராகி ஜனாதிபதியும் ஆகிவிட்டார். 1881 ஜனவரியில் எலியட் ஒரு கறுப்பினத் தூதுக்குழுவோடு போய் கார்ஃபீல்டைப் பார்த்து, தெற்கில் எங்கள் மக்களுக்குக் குடியுரிமை பெயரளவில்தான் இருக்கிறது என்று முறையிட்டார். சில மாதங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றல், 1882-ல் வேலையே போனது. மறுபடி வக்கீல் பலகையை மாட்டிப் பார்த்தார், வருமானம் இல்லை. 1884 ஆகஸ்டில் மலேரியாவில் இறந்தபோது கையில் காசும் இல்லை.

ஏட்டுப்பூச்சி:
நன்றி இருவருக்கும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் படித்தவர் என்று ஒரு இடத்தில் பார்த்தேனே, உண்மையா?

நடுப்பக்கம்:
அவரே சொல்லிக்கொண்டது, பள்ளிப் பதிவேட்டில் ஆதாரம் கிடைக்கவில்லை. எங்கே படித்தாரோ, ஆள் கெட்டிக்காரர். 1874 ஜனவரியில், பொது இடங்களில் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கேட்ட குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்துப் பேசிய அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸுக்கு மறுநாளே சபையில் பதில் கொடுத்தார் பாருங்கள், அதைப் படியுங்கள். ஸ்டீபன்ஸ் யார்? அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி!

கரைக்காற்று:
அந்த மசோதா 1875-ல் சட்டமானது, 1883-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எலியட் அப்போது உயிரோடுதான் இருந்தார்.