கனமான ஸ்பிரிங் போட்ட பிறகு ஏர் ரைஃபிளின் குறி சிதறுகிறது: பிழை எங்கே இருக்கும்?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பேரலை மடக்கி ஏற்றும் வகையைச் சேர்ந்த 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். நான்கு ஆண்டுகளாகத் தாள் இலக்குகளில் மட்டுமே சுட்டுப் பழகி வருகிறேன். சென்ற ஆண்டு வரை 25 மீட்டரில் ஐந்து குண்டுகளும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் மூன்று மாதம் உறையிலேயே வைத்திருந்துவிட்டு எடுத்தபோது வேகம் குறைந்ததுபோல் தோன்றியதால், பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். அவர்கள் பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கனமான வேறொன்றைப் பொருத்தினார்கள். பேரலுக்குப் பின்னால் உள்ள காற்றுத் துளை வழியாகத் தையல் மிஷின் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, வாரம் ஒருமுறை அவ்வாறே விடும்படியும் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று முதல் ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்பிரிங் அதிர்வது கன்னத்தில் தெரிகிறது. எண்ணெய் விட்ட நாளில் முதல் சில குண்டுகளுக்கு நீலநிறப் புகையும் கருகிய வாடையும் வருகின்றன. பேரலை மடக்கும்போது கடைசி விரற்கடை தூரத்தில் மிகவும் இறுகுகிறது. சில வேளைகளில் டிரிகர் பிடிக்காமல் மறுபடியும் அழுத்த வேண்டியிருக்கிறது. நண்பர் ஒருவரின் குரோனோகிராஃபில் 0.547 கிராம் எடையுள்ள பத்துக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்ததில், மிகக் குறைந்த வேகம் விநாடிக்கு 231 மீட்டர், மிக அதிகமானது 268 மீட்டர். இப்போது 25 மீட்டரில் குண்டுகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. மேலும் கீழும் மட்டுமல்லாமல் இடமும் வலமுமாகவும் விழுகின்றன. இன்னும் கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

கோவைப்பட்டறை

வணக்கம். இன்னும் கனமான ஸ்பிரிங்கைத் தயவுசெய்து போடாதீர்கள். இப்போது இருப்பதையும் கழற்ற வேண்டும் என்பதே என் கருத்து. முப்பது ஆண்டுகள் கடைசல் வேலை செய்தவன். கடந்த பத்து ஆண்டுகளாக ஸ்பிரிங் ரைஃபிள்களைத் திறந்து சரிசெய்து வருகிறேன். நீங்கள் சொல்லியிருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். அவற்றை ஒன்றாகக் கருதினால் எவ்வளவு செலவு செய்தாலும் குறி திரும்பாது.

முதலில் உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 268 மீட்டர் வேகத்தில் போகும் குண்டுக்கும் 231 மீட்டர் வேகத்தில் போகும் குண்டுக்கும் 25 மீட்டரில் ஏற்படும் உயர வேறுபாடு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். அதுவும் மேலும் கீழுமாக மட்டுமே இருக்கும். வேகம் மாறுவதால் குண்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ போவதில்லை. ஆகவே உள்ளங்கை அகலச் சிதறலில் பெரும்பகுதிக்கு வேகம் காரணமில்லை. ஏதோ ஒன்று அசைகிறது: ஸ்டாக்கைப் பிடிக்கும் திருகுகள், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை)த் தாங்கும் மவுண்ட், ஸ்கோப்பின் உட்பகுதி, அல்லது பேரல் மடங்கும் மூட்டு. முன்பக்கம் இரு பக்கங்களிலும் உள்ள ஸ்டாக் திருகுகளை இன்றைக்கே சரியான அளவுள்ள ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் ரைஃபிள்களில் பாதிக்கு மேல் அங்கேதான் நோய் இருக்கிறது. ஸ்பிரிங் கனமாகும்போது அதிர்ச்சி கூடுவதால் அவை இன்னும் விரைவாகத் தளர்கின்றன.

ஸ்கோப்பைப் பற்றியும் ஒரு சொல். தோட்டாத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில், காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுக்கப்படுகிறது. இந்த இரட்டை உதையைத் தாங்கும்படி செய்யப்படாத ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் குழாய் தளர்ந்து, ஒவ்வொரு குண்டுக்கும் குறுக்குக்கோடு வேறிடத்தில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்புக் குறியால் (துப்பாக்கியிலேயே உள்ள சாதாரணக் குறியால்) பத்து மீட்டரில் பத்துக் குண்டு சுட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

அடுத்தது எண்ணெய். பிஸ்டன் முன்னே பாயும் அந்தச் சில மில்லி விநாடிகளில் சிலிண்டரில் இருக்கும் காற்று மிகக் கடுமையாகச் சூடாகிறது. அங்கே தையல் மிஷின் எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினில் நடப்பதுபோலவே அது தானாகத் தீப்பற்றும். நீங்கள் கண்ட நீலப் புகை அதுதான். ஒரு குண்டுக்கு எண்ணெய் அதிகம் எரியும், அடுத்ததற்குக் குறைவாக எரியும். உங்கள் 37 மீட்டர் வேறுபாட்டில் பெரும்பங்கு இதனால் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிஸ்டனின் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் சீலின் விளிம்பு கருகுகிறது, சில சமயம் ஸ்பிரிங்கும் முறிகிறது. தேங்காய் எண்ணெய் விடுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், ஏனெனில் குளிரில் உறைந்து பசையாகிவிடும். பழைய ரைஃபிள்களில் இருந்த தோல் வாஷருக்கு எண்ணெய் தேவைப்பட்டது. அந்தப் பழக்கம்தான் பாலியூரித்தேன் சீல் உள்ள இன்றைய ரைஃபிள்களுக்கும் தொடர்கிறது.

பேரலை மடக்கும்போது கடைசியில் இறுகுவதற்குக் காரணம், ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதாக இருக்கலாம். கணக்கு எளியது. கம்பியின் தடிமன் 3.3 மி.மீ., சுற்றுகள் 36 என்றால், முழுதும் அழுந்திய நிலையில் ஸ்பிரிங்கின் நீளம் ஏறத்தாழ 119 மி.மீ. பிஸ்டன் டிரிகரில் மாட்டியிருக்கும்போது உள்ளே அதைவிடக் குறைந்த இடம் இருந்தால் டிரிகர் பிடிக்காது, அல்லது அரைகுறையாகப் பிடிக்கும். அரைகுறையாகப் பிடித்த ரைஃபிளில் குண்டு வைக்கும்போது டிரிகர் நழுவினால் பேரல் சட்டென்று மேலே எழும்பும். இடையில் இருக்கும் விரல் நசுங்கும். இதைச் சரிசெய்யும்வரை நீங்கள் சுடவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டிருந்தால்தான் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. உங்கள் 268 மீட்டர் குண்டின் ஆற்றல் 19.6 ஜூல். விநாடிக்கு 270 மீட்டரைச் சற்றே தாண்டினால் அதே குண்டில் வரம்பு மீறப்படுகிறது. அடுத்த ஸ்பிரிங் உங்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும்.

பிரித்துச் சரிசெய்ய விரும்பினால் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் பின்மூடியைத் தொடாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே பல சென்டிமீட்டர் அழுத்தப்பட்ட நிலையில்தான் காத்திருக்கிறது. சிலிண்டரை உலர்ந்த துணியால் முழுதும் துடைத்தெடுத்து, சீலை மாற்றி, மாலிப்டினம் டைசல்பைடு பசையைப் பிஸ்டனின் பின்பாவாடையில் (சிலிண்டரை உரசும் பின்விளிம்பில்) விரல் நுனியால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலமாக விடுங்கள். சீலுக்கு முன்னால் எதுவும் வேண்டாம். ஸ்பிரிங்குக்கு மட்டும் பிசுபிசுப்பான கனத்த கிரீஸ், அதுவும் கொஞ்சமாக.

தூரதேசத்தான்

ஐயா சொன்னவை அனைத்தும் சரி. நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன்; இங்குள்ள அனுபவம் அவர் சொன்னதற்கு வலுச் சேர்க்கும் என்பதால் எழுதுகிறேன். இங்கே 1969-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டைத் தாண்டினால், அதாவது 16 ஜூலைச் சற்று மீறினால், துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து குறைந்த ஆற்றல் உள்ளவற்றுக்கும் சான்றிதழ் தேவை. இந்த வரம்புக்குள் நின்றுகொண்டுதான் ஃபீல்டு டார்கெட் போட்டியாளர்கள் 55 கெஜம் தொலைவில், 40 மி.மீ. வட்டத்தைத் தாக்கி உலோக இலக்குகளை வீழ்த்துகிறார்கள். ஆற்றலைக் கூட்ட வழியில்லாததால், இங்குள்ள கைவினைஞர்களின் உழைப்பு முழுவதும் அதிர்வைக் குறைப்பதிலும் வேகத்தை ஒரே சீராக்குவதிலும் சென்றது. ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200, வைராஹ் எச்டபிள்யூ77 போன்ற ரைஃபிள்களை வாங்கியவர்கள், பல சமயம் தொழிற்சாலை ஸ்பிரிங்கைவிட மெலிதானதைப் போட்டுச் சுடுகிறார்கள்.

நீங்கள் கன்னத்தில் உணரும் ஸ்பிரிங் அதிர்வுக்கும் அதனோடு எழும் டொய்ங் ஒலிக்கும் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் வழிகாட்டிக்கும் இடையே உள்ள தளர்வுதான். தொழிற்சாலை வழிகாட்டி மெல்லிய தகட்டில் இருக்கும். ஸ்பிரிங் அதன்மேல் தாறுமாறாக ஆடும். கடினமான பிளாஸ்டிக் உருளையில், விரலால் அழுத்தினால்தான் ஏறும் அளவுக்கு ஒன்றைக் கடைந்து பொருத்தினால் பாதி ஒலி போய்விடும். ஸ்பிரிங்கின் இரு முனைகளும் தட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கின்றனவா என்பதை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்து நின்றால் அது ஒவ்வொரு முறையும் பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளும்.

காற்று ஒழுகுகிறதா என்று அறியவும் எளிய வழி உண்டு. பேரலும் சிலிண்டரும் சந்திக்கும் இடத்தின் மேல் ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, குண்டு ஏற்றிய நிலையில், பாதுகாப்பான திசையில் சுடுங்கள். தாள் துள்ளினால் அங்கே உள்ள ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. குண்டு இல்லாமல் மட்டும் சோதிக்காதீர்கள். எதிர்க்காற்று இல்லாத பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும்.

நெல்லைச்சாரல்

இவ்வளவு தொல்லைக்குப் பதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முன்கூட்டியே நிரப்பிய உயரழுத்தக் காற்றால் சுடும் பிசிபி வகைக்கு மாறிவிடலாமே என்று தோன்றலாம். நான் மாறினேன். அழுத்தச் சீராக்கி உள்ள பிசிபியில் வேகம் அழகாக நிலைத்து நிற்கிறது, அதிர்வே இல்லை. ஆனால் பராமரிப்பு குறைந்துவிடவில்லை. என்னுடையதில் 200 பார் வரை காற்று நிரப்ப வேண்டும், நான் வசிப்பது கடற்கரை ஊர். கைப்பம்பில் ஈரக்காற்றை வேகமாக அடித்தபோது சிலிண்டருக்குள் நீர் தங்கி, இரண்டாம் ஆண்டு திறந்து பார்க்கையில் உட்சுவரில் துருப்புள்ளிகள் இருந்தன. அன்றிலிருந்து ஐந்து நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் பம்பு ஆறும்வரை காத்திருந்து, ஈரத்தை வெளியேற்றிவிட்டுத்தான் தொடர்கிறேன். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் பசை மட்டுமே; பெட்ரோலிய எண்ணெய் அந்த அழுத்தத்தில் வெடிக்கக்கூடியது.

காவிரிக்கரை

மூவருக்கும் என் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு வந்து எழுதுகிறேன். முன் திருகுகளில் இடப்பக்கம் இருந்தது ஒன்றேகால் சுற்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டு, ரைஃபிளைத் திறக்கத் தெரிந்த சங்கத்து மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்ப்ரெஸரில் பூட்டிப் பின்மூடியை மெல்லத் தளர்த்தியபோது கடைக்காரர் போட்ட ஸ்பிரிங் வெளிவந்தது; நடுவில் வில்போல் வளைந்திருந்தது, கடைசி ஆறேழு சுற்றுகளில் ஒன்றோடொன்று உரசிய பளபளப்பு இருந்தது. சீலை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்க விளிம்பு கருப்பாகி, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சிலிண்டரைத் துடைத்த துணி காப்பி நிறத்தில் வந்தது; நான்காவது துணிதான் வெள்ளையாக வந்தது.

பழைய ஸ்பிரிங்கையே, அதற்கென்று கடைந்த புதிய வழிகாட்டியோடு போட்டோம். பத்துக் குண்டுகளின் வேகம் இப்போது 239-க்கும் 246-க்கும் இடையில் நிற்கிறது. இரும்புக் குறியால் சுட்டபோது குண்டுகள் ஒன்றாக விழுந்தன. அதே ஸ்கோப்பை மாட்டியதும் மறுபடியும் பக்கவாட்டில் நகர்ந்தன. ஸ்கோப் போய்விட்டது என்பது உறுதி. நண்பரிடம் ஸ்பிரிங் ரைஃபிளுக்கென்றே செய்த ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தியதும், 25 மீட்டரில் நாணயம் திரும்பிவிட்டது. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். பேரல் மூட்டில் மட்டும், பக்கவாட்டில் தள்ளினால் மிக நுண்ணிய ஆட்டம் தெரிகிறது. அதை இப்போதே பார்க்க வேண்டுமா?

கோவைப்பட்டறை

மகிழ்ச்சி. மூட்டின் ஆணித் திருகைக் கால் சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டாம். ரைஃபிளை ஏற்றி, பிஸ்டன் மாட்டியிருக்கும்போது மூடாமல், பேரலை வலுவாகப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் பிடியை மெல்லத் தளர்த்தினாலும் அது தானாகத் தொங்காமல் அங்கேயே நிற்க வேண்டும்; அதுவே சரியான இறுக்கம். டிரிகரின் அருகில் விரல் போகக் கூடாது. இறுக்கிய பிறகும் ஆட்டம் இருந்தால் இரு பக்கங்களிலும் உள்ள மெல்லிய வாஷர்கள் தேய்ந்திருக்கும். அவற்றின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். எவ்வளவு தடிமனில் புதியது கடைய வேண்டும் என்று சொல்கிறேன்.