நிலா திருமணம் (மண்டபம், பந்தி, பாட்டு)

மதி அக்கா: பாட்டுப் பட்டியலை நாளை மாலைக்குள் மண்டபத்துக்கு அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை ஜெகன் வீட்டார் ஒரு பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மதி அக்கா: (ஒலிக்கோப்பு)

நிலா: அம்மா, யெக்வான். ஜெகன் இல்லை.

வசந்தி பெரியம்மா: ஜெகன்தான் வாயில் வருகிறது

ராசா மாமா: என்ன இது, கல் உடைக்கிறார்களா?

வசந்தி பெரியம்மா: 1992 ஜூனில் நோர்வேயில், பேர்கனில் ஃபன்டொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். இந்த இசைக் கூட்டத்தின் வேலை என்றுதான் ஊரே பேசியது.

குகன்: பெரியம்மா, அது பிளாக் மெட்டல் என்ற கடும் ராக் இசை வகை. இது வேறு. டென்மார்க்கின் கீழ் உள்ள ஃபாரோ தீவுகளின் டியூர் குழு 2002இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் வரும் பாட்டு. ஆனால் பாட்டு அவர்களுக்கும் முந்தியது. ‘ஓர்முரின் லாங்கி’, அதாவது நீளப் பாம்பு. 1830 வாக்கில் யூர்ஹூஸ் என்ற விவசாயி இயற்றினார், 86 கண்ணிகள். அங்கே இதற்கு வாத்தியமே கிடையாது. எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஓர் அடி. ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மரத் தரையில் விழும் கால்தான் தாளம். டியூர் குழுவில் அந்தக் காலின் வேலையை டிரம்ஸ் செய்கிறது.

ராசா மாமா: சுருக்கமாக

சாந்தி சித்தி: கும்மி மாதிரியா?

குகன்: கிட்டத்தட்ட. கைதட்டல் மட்டும் இல்லை, சித்தி.

வசந்தி பெரியம்மா: 86 கண்ணியுமா பாடப் போகிறார்கள்? பந்தி ஆறிவிடும்.

குகன்: இல்லை, இது ஆறு நிமிடம்தான்.

ராசா மாமா: ஆறு நிமிடமா!!

வசந்தி பெரியம்மா: போன வருடம் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நோர்வேக்குக் கடைசி இடம் வாங்கித் தந்ததும் இப்படி ஒன்றுதானே

குகன்: போன வருடம் அல்ல, 2024, மால்மோவில். கோட்டே குழு.

ராசா மாமா: கோட்டேயா? கொழும்புக்குப் பக்கத்திலா?

குகன்: இல்லை மாமா, நோர்வேஜிய மொழியில் விடுகதை என்று பொருள். அதுவும் பழைய கதைப்பாடலை வைத்துச் செய்ததுதான். பின்லாந்தில் ஃபின்ட்ரோல் என்று ஒரு குழு, ஹும்ப்பா என்ற ஆட்ட இசையை மெட்டலோடு

ராசா மாமா: இன்னும் நாடுகள் இருக்கின்றனவா?

சுந்தரம் சித்தப்பா: பாட்டின் கதை என்ன?

குகன்: ஓலாவ் டிரிக்வசன் என்ற நோர்வே அரசனின் கப்பல்தான் நீளப் பாம்பு. 1000ஆம் ஆண்டு ஸ்வோல்டர் கடற்போர். அவனுடைய வில்லாளி ஐனாரின் வில் முறிகிறது. ‘என்ன முறிந்தது?’ என்று அரசன் கேட்கிறான். ‘உன் கையிலிருந்து நோர்வே, அரசே’ என்கிறான் ஐனார்.

சுந்தரம் சித்தப்பா: அருமை. வென்றார்களா?

குகன்: தோற்றார்கள். அரசன் கடலில் குதித்துவிட்டான்.

வசந்தி பெரியம்மா: தாலி கட்டும் நாளுக்கு நல்ல பாட்டுத்தான்

நிலா: பெரியம்மா, அவர்கள் ஊரில் திருமண வீட்டில் கைகோத்து ஆடுவது வழக்கம். யெக்வானின் அப்பம்மாவுக்குப் பல கண்ணிகள் மனப்பாடம். தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் டேனிஷ்தான் நடந்த காலத்தில், அவர்கள் மொழிக்கு ஒழுங்கான எழுத்துமுறைகூட 1846இல்தான் வந்ததாம். பாடிப் பாடித்தான் காப்பாற்றினார்களாம்.

சாந்தி சித்தி: அந்த அம்மா வருகிறாரா? சைவச் சாப்பாடு சாப்பிடுவாரா?

சுந்தரம் சித்தப்பா: இந்தத் திருமணத்திலாவது மைக்கைப் பாதியில் நிறுத்தாமல் இருந்தால் சரி.

ராசா மாமா: அன்று பதினைந்தாவது நிமிடத்தில்தான் நிறுத்தினேன்

சுந்தரம் சித்தப்பா: பல்லவியே முடியவில்லை.

மதி அக்கா: பழைய கதை வேண்டாம். மண்டபத்தின் கீழ்த்தளத்தில் நூலகம் இருக்கிறது. நூறு பேர் மிதித்தால்?

குகன்: மிதிக்காவிட்டால் அது அந்தப் பாட்டே இல்லை, அக்கா.

ராசா மாமா: நாதஸ்வரக்காரருக்குச் சொல்லியாயிற்றா?

மதி அக்கா: தவில்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வசந்தி பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சாந்தி சித்தி: என்ன எழுதினீர்கள் அக்கா?

வசந்தி பெரியம்மா: ஒன்றுமில்லை. சேலை கட்டிக்கொண்டு அந்த அடி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

குகன்: இரண்டு இடம், ஒன்று வலம். முடியும்.

மதி அக்கா: அப்படியானால் பந்திக்குப் பிறகு. மூன்று நிமிடம் மட்டும்.

நிலா: ஆறு.

மதி அக்கா: அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். வாழையிலை 200 யார் எடுத்து வருவது?

ராசா மாமா: பார்க்கலாம்