ம்புனா தொட்டிக்கு எந்தக் கெளுத்தி? புள்ளிச் சினோவும் பிறவும்

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட, ஏறக்குறைய 250 லிட்டர் நீர் பிடிக்கும் தொட்டியில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் சிக்லிட் குடும்ப மீன்களான ம்புனாக்களை வளர்த்து வருகிறேன். எலக்ட்ரிக் யெல்லோ, ரெட் ஸீப்ரா, டெமசோனி ஆகிய மூன்று வகைகள் உள்ளன. மேல்மட்டத்திலும் நடுவிலும் மீன்கள் ஓயாமல் துரத்திக்கொண்டிருக்க, தரை மட்டும் வெறிச்சோடிக் கிடக்கிறது. கற்களின் இடுக்கில் தங்கும் தீனியைத் தின்னவும், அடித்தளத்தில் ஓர் அசைவு இருக்கவும் கெளுத்தி வகை ஒன்றைச் சேர்க்கலாம் என்று எண்ணுகிறேன். ஒரு கடையில், வாயால் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும் சக்கர் கெளுத்தி போதும் என்றார்கள். இன்னொரு கடையில் கோரி என்ற சிறிய கெளுத்தியை வாங்கச் சொன்னார்கள். மூன்றாவது கடையில் புள்ளி போட்ட 'சினோ' ஒன்றைக் காட்டி, சக்கரின் விலையைப் போலப் பல மடங்கு சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருவது சிறுவாணி நீர். அது தாது உப்புகள் குறைந்த மென்மையான நீர் என்பதால் வடிகட்டியில் பவளத் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் 8-ஐ ஒட்டி நிலையாக நிற்கிறது. புத்தகத்தில் படித்ததைவிட, வளர்த்துப் பார்த்தவர்கள் கண்டதை அறிய விரும்புகிறேன். டெமசோனிக் குஞ்சுகளைக் காப்பாற்றி வளர்க்க வேண்டும் என்பது என் ஆசை. பதில் எழுதுவோர் அதையும் கருத்தில் கொண்டால் உதவியாக இருக்கும்.

சென்னையிலிருந்து:

நண்பரே, தங்கள் கேள்வியிலுள்ள 'இடுக்கில் தங்கும் தீனியைத் தின்ன' என்ற காரணத்தை முதலில் நீக்கிவிடலாம். தீனி தங்குகிறது என்றால் தீனி அதிகம் அல்லது நீரோட்டம் போதவில்லை என்று பொருள். அதற்கு மருந்து இன்னொரு மீன் அன்று. எந்தக் கெளுத்தியைச் சேர்த்தாலும் அதற்கென்று தனியே தீனி போட வேண்டும், அதுவும் கழிவைச் சேர்க்கும். அந்த மீன் தனக்காகவே பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சக்கரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கடையில் விரலளவு இருப்பது 40 செ.மீ. வரை வளரும், நாலடித் தொட்டியில் திரும்பக்கூட இடமிருக்காது. பாசியைத் தின்னும் என்பார்கள், ஆனால் ம்புனாக்களே பாறைப் பாசியைச் சுரண்டித் தின்று வாழும் மீன்கள் என்பதால் சக்கருக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. பசித்த சக்கர் இரவில் மற்ற மீன்களின் விலாவில் ஒட்டிச் சுரண்டுவதும் உண்டு. பெரிதானபின் ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களால் தமிழகத்து நீர்நிலைகளில் இது பெருகிப் போய், மீனவர்களின் வலையைக் கிழிக்கும் தொல்லையாக இருப்பதை அறிவீர்கள். அதே குடும்பத்தில் அடங்கி நிற்கும் வகை வேண்டுமென்றால் 12 செ.மீ. அளவோடு நிற்கும் பிரிஸல்நோஸ் இருக்கிறது. கடின நீரைத் தாங்கும். ஒளிவதற்குக் குகை இருந்தால் ம்புனாக்களின் கடியையும் ஓரளவு தாங்கும்.

சினோ என்று கடைக்காரர் காட்டியது சினோடான்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் இதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆற்று மீன்கள். தலைகீழாக நீந்தும் நைக்ரிவென்ட்ரிஸ் என்ற சிறிய சினோ காங்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது, மென்மையான நீருக்குப் பழகியது, சாது. அதை ம்புனாக்களிடம் விடுவது அதற்குச் செய்யும் கொடுமை. நமக்குப் பொருந்துபவை ஏரிச் சினோக்கள். மலாவி ஏரிக்கே உரிய சினோ ஒன்று உண்டு, ந்யாசே என்று பெயர். ஏரியோடு ஏரி பொருத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அதைத்தான் தேட வேண்டும், ஆனால் நம் கடைகளில் அது அகப்படுவது அரிது. அகப்படுபவை ஆப்பிரிக்காவின் மற்றொரு ஏரியான டாங்கனிக்காவின் சினோக்கள்தான். அவற்றில் பெயர் பெற்றது மல்டிபங்டேட்டஸ் என்ற குயில் கெளுத்தி.

குயில் என்ற பட்டம் சும்மா வந்ததன்று. வாயில் முட்டையை அடைகாக்கும் சிக்லிட்களிடம் தன் முட்டையைச் சேர்த்துவிடும் இதன் வழக்கத்தை ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு சாட்டோ 1986-இல் 'நேச்சர்' இதழில் விளக்கி எழுதினார். என் தொட்டியில் நான் பார்த்தது இது. ரெட் ஸீப்ரா ஆண் ஒரு தட்டைக்கல்லின் அருகே மணலைத் தோண்டிப் பள்ளம் செய்து, உடலை நடுக்கிப் பெண்ணை அழைத்தது. இரண்டும் வட்டமிட்டுச் சுற்ற, பெண் இரண்டு மூன்று முட்டைகளை இட்டுவிட்டு அவற்றை வாயில் எடுக்கத் திரும்பியது. பகலெல்லாம் கல்லுக்கடியில் கிடக்கும் கெளுத்திகள் அந்த நொடியில் எங்கிருந்தோ பாய்ந்து வந்து பள்ளத்துக்குள் நுழைந்தன. ஆண் சிக்லிட் ஒன்றைத் துரத்தினால் மற்றொன்று மறுபக்கமாக உள்ளே வந்தது. சில முட்டைகளை அவை தின்றன, இடையிலேயே தங்கள் முட்டைகளையும் உதிர்த்தன. பதறிப்போன பெண் சிக்லிட் தரையில் கிடந்ததையெல்லாம் வாரி வாயில் போட்டுக்கொண்டது. வாய் புடைத்த அந்தப் பெண்ணைத் தனியே எடுத்து வைத்தேன். அது கடைசியில் உமிழ்ந்ததில் சிக்லிட் குஞ்சு ஒன்றுகூட இல்லை. பெரிய தலையும் சின்னஞ்சிறு மீசையும் கொண்ட கெளுத்திக் குஞ்சுகள் மட்டும் மணலில் ஓடின. கெளுத்தியின் முட்டை முன்னதாகவே பொரிந்துவிடும். கரு உணவு தீர்ந்ததும் அக்குஞ்சுகள் சிக்லிட் தாயின் வாய்க்குள்ளேயே அதன் சொந்தக் குஞ்சுகளைத் தின்று வளரும்.

இதில் ம்புனா வளர்ப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செக் நாட்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கெளுத்தியோடு சேர்ந்தே காலங்காலமாக வாழ்ந்த டாங்கனிக்கா சிக்லிட்கள் அதன் முட்டைகளைப் பெருமளவில் தவிர்த்துவிடுவதையும், இதை ஒருபோதும் சந்தித்திராத பிற ஏரிகளின் சிக்லிட்கள் எளிதில் ஏமாறுவதையும் காட்டினார்கள். ஆகவே மலாவி மீன்கள் நிறைந்த நம் தொட்டி குயில் கெளுத்திக்கு விருந்து வைத்த வீடுதான். என்னைப் போல ம்புனாக்கள் தொட்டி தாங்காமல் பெருகுவதை விரும்பாதவருக்கு இது வசதி. டெமசோனிக் குஞ்சு வேண்டும் என்ற தங்களுக்கு இது ஒத்துவராது.

தங்களுக்கு நான் சொல்வது பெட்ரிகோலா அல்லது அதைவிடச் சிறிய லூசிபின்னிஸ். இரண்டும் டாங்கனிக்காவைச் சேர்ந்தவை. முட்டையைத் தாமே பாறையிடுக்கில் உதிர்ப்பவை, பிறர் வாயை நம்புவதில்லை. 2006-இல்தான் லூசிபின்னிஸ் தனி இனமாகப் பெயர் பெற்றது. அதற்கு முன்பு குட்டைப் பெட்ரிகோலா என்றே விற்றார்கள், இன்றும் பல இடங்களில் அப்படித்தான். 10 செ.மீ. அளவில் நின்றுவிடும். ஒற்றையாக வாங்காதீர்கள். ஒன்று மட்டும் இருந்தால் கல்லுக்குள்ளேயே கிடந்து, மீனே இல்லை என்று தோன்றிவிடும். நாலைந்து சேர்ந்தால் மாலையில் வெளியே வந்து கூட்டமாகத் திரியும்.

தூத்துக்குடியிலிருந்து:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் அவர் பெயரை நம்பி வாங்கச் சொல்வது போல எழுதிவிட்டார். சிக்கலே பெயரில்தான் இருக்கிறது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு, இயற்கையில் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத சினோ இனங்களைக் கலந்து குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். சிறு வயதில் அவை அச்சாகப் பெட்ரிகோலா போலவோ மல்டிபங்டேட்டஸ் போலவோ இருக்கும். வளர வளர ஆற்றுச் சினோவின் உடம்பும் குணமும் வெளிப்படும். ஒரு கடையில் பெட்ரிகோலா என்று எனக்கு விற்றது ஒரு சாண் அளவையும் தாண்டி வளர்ந்து, இரவில் சிறிய எலக்ட்ரிக் யெல்லோக்களைக் காணாமல் செய்தது.

நான் இப்போது பார்த்து வாங்கும் முறை இது. துடுப்புகளைப் பாருங்கள்: உண்மையான டாங்கனிக்கா வகைகளில் முதுகுத் துடுப்பிலும் வாலிலும் கறுப்புப் பட்டையும் அதைச் சுற்றி வெண்மையான ஓரமும் தெளிவாக இருக்கும். துடுப்புக்குள்ளும் புள்ளிகள் சிதறிக் கிடந்தாலோ, உடம்பிலுள்ள புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோலம் போல ஓடினாலோ ஐயப்படலாம். அடுத்து வயிறு: மல்டிபங்டேட்டஸின் வயிறு புள்ளியில்லாமல் வெண்மையாக இருக்கும், கண்ணும் முகத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கும், பெட்ரிகோலாவுக்கு வயிற்றிலும் புள்ளிகள் உண்டு. கடைக்காரரிடம் மீனைக் கண்ணாடிப் பெட்டியில் எடுத்துக் காட்டச் சொன்னால் அடிப்பக்கமும் தெரியும். தயங்காமல் கேளுங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை.

இறகுத் துடுப்புச் சினோவான யூப்டெரஸ் பற்றியும் யாராவது கேட்பார்கள், ஏனெனில் அதுதான் விலை குறைவாகக் கிடைக்கும். அது நைல், நைஜர், சாட் படுகைகளின் ஆற்று மீன். உறுதியானது, ம்புனாவின் முரட்டுத்தனம் அதன் முன் எடுபடாது, கடின நீரிலும் வாழும். ஆனால் 20 செ.மீ.க்கு மேல் வளரும், தன் இனத்தை அருகே விடாது. ஐந்தாறு அடித் தொட்டி வைத்திருப்பவர் ஒன்றே ஒன்று வளர்க்கலாம். அதற்கு வயதாகி முதுகுத் துடுப்பு பாய்மரம் போல விரியும்போது அழகுதான், மறுக்கவில்லை.

கோரிகளைப் பொறுத்தவரை நான் ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததைச் சொன்னால் போதும். பெரிய சிக்லிட் ஒன்று கோரியைப் பிடித்து விழுங்க முயன்றிருக்கிறது. கோரி தன் முட்களை விரித்துப் பூட்டிக்கொண்டதால் தொண்டையில் சிக்கி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இரண்டும் செத்துக் கிடந்தன. தென்னமெரிக்காவின் சாதுவான மீனை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். ஆழ்துளைக் கிணற்று நீரில், கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டினால் 'ஆப்பிரிக்க மீனுக்கு ஏற்ற தண்ணீர்' என்று மகிழ்ந்துவிடுகிறோம். எங்கள் ஊர் போன்ற கடலோரத்தில் அந்த எண்ணில் பெரும் பங்கு சாதாரண உப்பாக இருக்கலாம். டாங்கனிக்கா, மலாவி நீரில் பிஹெச்சை உயரத்தில் நிறுத்தி வைப்பது கார்பனேட்டும் பைகார்பனேட்டும்தான். அதை அளக்கத் துளிச் சோதனைக் குப்பி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சிறுவாணி நீரில் பவளம் போட்டு வளர்ப்பவர், எதைச் சேர்த்தோம் என்று அறிந்திருப்பதால், எங்களைவிட ஒரு வகையில் கொடுத்துவைத்தவர். பவளம் கரையக் கரையத் தேயும் என்பதால் அந்த அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

கோவையிலிருந்து:

இருவருக்கும் மிக்க நன்றி. லூசிபின்னிஸ் என்று முடிவு செய்துவிட்டேன்; வயிற்றையும் துடுப்பையும் பார்த்தபின்தான் பணம் கொடுப்பேன். ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. ம்புனாக்களுக்கு ஸ்பைருலினா பாசி கலந்த சைவத் தீனியே போடுகிறேன். புரதம் மிகுந்தால் வயிறு வீங்கிச் சாகும் என்று அஞ்சுகிறேன். சினோக்களோ பூச்சிப் புழுவையும் நத்தையையும் தின்பவை என்று படித்தேன். ஒரே தொட்டியில் இரண்டு சமையலை எப்படி நடத்துவது?

சென்னையிலிருந்து:

விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்து, மூழ்கும் வில்லைகளைக் கல்லடுக்கின் பின்புறமாகப் போடுங்கள். இருட்டில் ம்புனாக்கள் கற்களிடையே ஒடுங்கிவிடும். சினோக்களுக்கு அதுதான் விடியல். முதல் சில நாள் ஒரு டார்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிப் பார்த்தால் எவ்வளவு தின்கின்றன என்பது தெரியும், காலையில் மிஞ்சினால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒருநாள் எல்லோருக்குமே பட்டினி போடுவதை நான் கடைப்பிடிக்கிறேன்.

தரையில் கூரான சரளை இருந்தால் மணலாக மாற்றிவிடுங்கள், மீசை தேயும். வாங்கியதும் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். நோய் வந்து மருந்திட நேர்ந்தால், செதில் இல்லாத மீன் என்பதால், குப்பியில் எழுதியிருப்பதில் பாதி அளவிலிருந்து தொடங்குவதே வழக்கம். பெரிய தொட்டிக்குள் விடும் அன்று கற்களைச் சற்று இடம் மாற்றி அடுக்குங்கள். ஆண் ம்புனாக்கள் தங்கள் எல்லையை மீண்டும் பிரித்துக்கொள்ளும் மும்முரத்தில் புதியவரை மறந்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து:

ஒன்று விட்டுப்போனது. சினோவை வலையில் பிடிக்க வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களில் அரம் போன்ற பற்கள் உண்டு. மிரண்டால் விரித்துப் பூட்டிக்கொண்டு கீச்சென்று சத்தம் போடும், வலை நூலில் மாட்டினால் கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் முகந்து எடுக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே இரட்டைப் பையில் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒற்றைப் பையைக் குத்திக் கிழித்துவிட்டால் பேருந்தில் வழியெல்லாம் தண்ணீர் ஒழுகும்.