மறு: மறு: பெண்வெறுப்பா, பெண்காழ்ப்பா?

நண்பர்களே,

வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ பெண்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கில ‘மிசோஜினி’க்குத் (misogyny) தமிழாகப் ‘பெண்வெறுப்பு’ என்று எழுதிவிட்டேன். கிரேக்க மூலத்திலும் வெறுப்பும் பெண்ணும்தானே, வேலை முடிந்தது என்றிருந்தேன். ஒரு மாணவி கெடுத்துவிட்டாள். அவள் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். படகுக்காரர் வாய் நிறைய ‘அக்கா’ என்கிறார், கடன் சொன்னாலும் கூடையை நிரப்பி அனுப்புகிறார். ஆனால் அந்த அக்கா படகில் கால் வைத்தால் அன்றைக்கு மீன் படாதாம். “இதுல வெறுப்பு எங்க மிஸ் இருக்கு?” என்கிறாள்.

2012-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்டு எதிர்க்கட்சித் தலைவரைப் பார்த்து நாடாளுமன்றத்திலேயே இந்தச் சொல்லை வீசியபோது அந்நாட்டு ஆங்கில அகராதியான மக்குவாரிக்கும் இதே சிக்கல்தான். வெறுப்போடு ‘ஊறிப்போன தப்பெண்ணம்’ என்ற பொருளையும் சேர்த்தார்கள். நாம் என்ன செய்யலாம்?

திருவொற்றியூர்ப் புலவர் எழுதியது:
பெண்காழ்ப்பு! காழ் என்றால் மரத்தின் வைரம், அதாவது இறுகிய பகுதி. ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்பது தொல்காப்பியம்; வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். ஊறி இறுகியதற்கு வேறு வேர் எதற்கு? பனை புறக்காழ், ஆகவே புல். அதுபோல வெளிப்படையாகத் திட்டுபவன் புறக்காழ்ப்பன், சிரித்தபடியே ஒதுக்குபவன் அகக்காழ்ப்பன் என்றும் பிரிக்கலாம்.

பெரம்பூரிலிருந்து:
ஐயா, பனை இருக்கட்டும். காழ்ப்பு என்றதும் ‘அரசியல் காழ்ப்புணர்ச்சி’தான் காதில் விழுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ‘ஆணாதிக்கம்’ போதாதா?

மீண்டும் நான்:
போதாது. ஆணாதிக்கம் மொத்த ஏற்பாட்டின் பெயர். ‘பாலினப் பாகுபாடு’ செயலைச் சொல்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் மனசில் இருப்பது. வகுப்பில் கேட்டேன். “இளக்காரம்னு போடுங்க மிஸ்” என்றார்கள். பெண்ணிளக்காரம். எனக்குப் பிடித்திருக்கிறது.

புலவர்:
அது பேச்சுவழக்கு, கலைச்சொல் ஆகாது. தவிர, படகுக்காரருக்கு இருப்பது பயம். பயத்தில் இளக்காரம் எங்கே?

பெரம்பூரிலிருந்து:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சரி, பெண்வெறுப்பே இருக்கட்டும், அடியில் இரண்டு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.

மீண்டும் நான்:
இதுவரை நான்கு பேர் பெண்வெறுப்புக்கே தலையாட்டியாயிற்று. அப்படியே அனுப்புகிறேன். விளக்கத்தில் படகுக் கதையையும் ‘இளக்காரம்’ என்ற சொல்லையும் சேர்த்துவிட்டேன்.

புலவர்:
புறக்காழ்ப்பனைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.