7 ஆயிரம் புக்மார்க் சேந்து போச்சு, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கரிசல்காட்டான்:
வணக்கம் மக்களே. 2012-ல இருந்து குரோம்ல புக்மார்க் போட்டுட்டே வரேன், பாதிக்கு மேல கல்வெட்டு, ஊர்ப்பேரு, பழைய வலைப்பதிவு இப்படித்தான். இப்ப 7 ஆயிரத்தத் தொட்டுடுச்சு. ஃபோல்டர் மட்டும் 140, "கோயில்"னு ஒண்ணு, "கோவில்"னு இன்னொண்ணு, "அப்புறம் படிக்க"ன்னு மூணு. போன வாரம் ஏரி மதகு கல்வெட்டு பத்தின ஒரு பதிவு ஞாபகம் வந்து ரெண்டு மணி நேரம் தேடி லிங்க்க கண்டுபிடிச்சு கிளிக் பண்ணா பக்கமே வரல. ஊர் ஊரா அலைஞ்சு படம் எடுத்துப் போட்டிருந்தாரு மனுஷன், மனசே ஆறல. இத எப்படி ஒழுங்கு பண்றது, திறக்காத லிங்க்க எல்லாம் அழிச்சிடலாமா?

நெல்லைவாசகி:
அண்ணே அழிச்சிடாதீங்க! அந்த அட்ரஸ் பிளாக்ஸ்பாட் டாட் இன்-னு இருக்கா பாருங்க. 2012 வாக்குல இருந்து கொஞ்ச வருஷம் இந்தியாவுல எந்த பிளாக்ஸ்பாட் பதிவத் திறந்தாலும் டாட் காம் தானாவே டாட் இன்-ஆ மாறும், நாம அதத்தான் சேவ் பண்ணி வச்சோம். 2020-ல அந்த டாட் இன் டொமைன் கைமாறிப் போச்சு, அதோட அந்த லிங்க் எல்லாம் படுத்துடுச்சு. ஆனா எழுதினவர் அழிக்காத வரைக்கும் பதிவு அங்கயேதான் இருக்கும், இன்-ன எடுத்துட்டு காம் போட்டாப் போதும்.
ஒவ்வொண்ணா மாத்த வேணாம், புக்மார்க் மேனேஜர்ல எக்ஸ்போர்ட் குடுத்தா ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலா வரும், அதுல ஒரு காப்பி தனியா எடுத்து வச்சுட்டு நோட்பேட்ல ஃபைண்ட் ரீப்ளேஸ் பண்ணுங்க. திரும்ப ஏத்தும்போது புது புரொஃபைல்ல ஏத்துங்க, இல்லன்னா பழசும் புதுசும் சேந்து 14 ஆயிரம் ஆயிடும்.

மதகடி:
வாசகி சொன்னதுக்கும் மசியலன்னா வேபேக் மெஷின்ல அட்ரஸப் போட்டுப் பாருங்க, 1996-ல இருந்தே பக்கங்கள சேமிக்கிறாங்க. எழுத்து பெரும்பாலும் கிடைக்கும், படம்தான் பல நேரம் இருக்காது. 2013-ல இருந்த வலைப்பக்கங்கள்ல 38 சதவீதம் 2023-ல இல்லன்னு அமெரிக்காவுல இருக்கற பியூ ஆய்வு மையமே சொல்லியிருக்கு, அதனால அட்ரஸ மட்டும் நம்பாதீங்க. நான் முக்கியமானத சிங்கிள்ஃபைல்ங்கற எக்ஸ்டென்ஷன் வச்சு படத்தோட ஒரே ஃபைலா இறக்கிடுவேன், கூடவே வேபேக்லயும் அந்த அட்ரஸக் குடுத்து சேவ் பண்ணச் சொல்லிடுவேன். 7 ஆயிரத்துக்கும் செய்ய வேணாம், தனி ஆளு எழுதினத மட்டும் முதல்ல பாருங்க, அதுதான் சொல்லாமக் கொள்ளாமப் போயிடுது.

பனையோலை:
ஃபோல்டர் பிரிக்கிறத விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன். மதகு கல்வெட்ட ஏரியில வைப்பீங்களா கல்வெட்டுல வைப்பீங்களா? ஃபயர்ஃபாக்ஸ்ல டேக் இருக்கு, அதாவது லிங்குக்கு ஒட்டி வைக்கிற குறிச்சொல், ஒரே லிங்குக்கு நாலு டேக் போடலாம், மேல அட்ரஸ் பார்ல பிளஸ் குறி போட்டு ஸ்பேஸ் விட்டு அடிச்சா டேக் மட்டும் தேடும், நட்சத்திரக் குறி போட்டா புக்மார்க் மட்டும்.
நம்ம தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு. கல்வெட்டு, கல்வெட்டுகள், கல்வெட்டுக்கள்னு மூணு விதமா டேக் போட்டு நானே மாட்டிக்கிட்டேன், அதனால எப்பவும் ஒருமைதான், கோயில்னா கோயில்தான்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டி வச்சுட்டேன். இன்னொண்ணு, தமிழ் அட்ரஸக் காப்பி பண்ணா சதவீதக் குறியும் எழுத்தும் நம்பருமா மாறிடும், "க"ங்கற ஒரு எழுத்துக்கே 9 குறி வரும், அதப் பாத்து ஒண்ணும் புரியாது. அதனால புக்மார்க் பேர நீங்களே மாத்தி எழுதுங்க, ஊரு, என்ன விஷயம், எதுக்கு எடுத்து வச்சோம்னு. என் கலெக்ஷன உருப்பட வச்சதே அந்த ஒரு வரிதான்.

கரிசல்காட்டான்:
வாசகி தங்கச்சி, கிடைச்சிடுச்சும்மா!! டாட் காம் போட்டதும் மதகு, கல்வெட்டு, எல்லாப் படமும் அப்படியே வந்து நிக்குது. எக்ஸ்போர்ட் ஃபைல்ல தேடினா டாட் இன் மட்டும் 600-க்கு மேல இருக்கு, இன்னிக்கு ராத்திரி அதத்தான் மாத்தப் போறேன். மதகடி சொன்ன மாதிரி அந்தப் பதிவ முழுசா இறக்கியாச்சு. பனையோலை, அந்தத் தாள்ல என்னென்ன டேக் வச்சிருக்கீங்கன்னு முடிஞ்சா ஒரு படம் எடுத்துப் போடுங்க.